சமையலறை நாற்றத்தை விரட்டிய வரலாறு

சமையலறை என்றால் மணமும் உண்டு, நாற்றமும் உண்டு. காலையில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் வாசனை தெருமுனை வரைக்கும் போகும். அதே சமையலறையில் சாயங்காலம் பார்த்தால் மீன் கழுவிய தொட்டி, மூடி வைத்து மறந்துபோன சாம்பார், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் என்று மூக்கைப் பிடிக்க வைக்கும் விஷயங்களும் இருக்கும்.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! மீனுக்கும் முட்டைக்கும் கவுச்சி. கெட்டுப்போன சோற்றுக்கு ஊசல் வாடை. பழைய எண்ணெய்க்குச் சிக்கு வாடை. கெட்ட தேங்காய்க்குக் காறல் வாடை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. பூவின் மணமும் நாற்றம்தான். பிற்காலத்தில்தான் அது கெட்ட வாடைக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

இத்தனை பெயர் வைத்த மனிதன் அதை விரட்டாமல் இருந்திருப்பானா? உலகம் முழுவதும் இதற்காகச் செய்யப்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தால் மூன்றே வழிகள்தான் தெரிகின்றன. ஒன்று, நாற்றத்தை வேறு மணத்தால் மறைப்பது. இரண்டு, நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. மூன்று, நாற்றத்தை வேறு பொருளாக மாற்றிவிடுவது. இந்த மூன்றுக்கும் தேவையான பொருட்கள் வீட்டிலேயே இருந்தன. ஆனால் அதே பொருளைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே விற்ற கதையும் இந்த வரலாற்றில் உண்டு!

மறைத்த காலம்

முதல் வழி மிகவும் பழையது. சாம்பிராணி, அகில், சந்தனம், கற்பூரம் என்று புகையாலும் மணத்தாலும் வீட்டை நிரப்புவது. புகை அடங்கியதும் பழைய வாடை மெல்லத் தலைகாட்டும். ஏனென்றால் அழுகிய பொருள் அங்கேயேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் இந்த மறைக்கும் வேலைக்கு ஒரு மருத்துவக் காரணமும் சொல்லப்பட்டது. கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிளேக் நோயாளிகளைப் பார்க்கப் போன சில மருத்துவர்கள் பறவை அலகு போன்ற முகமூடி அணிந்து, அந்த அலகுக்குள் வாசனை மூலிகைகளை அடைத்துக்கொண்டார்கள். நல்ல மணம் கெட்ட காற்றைத் தடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

19ஆம் நூற்றாண்டிலும் இந்த நம்பிக்கை போகவில்லை. 1858ஆம் ஆண்டு கோடையில் லண்டன் தேம்ஸ் நதி சாக்கடையாகி நாறியது. நதிக்கரையில் இருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் நகரம் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் அதைக் கட்டி முடித்தார்.

நோய் நாற்றத்தால் வரவில்லை, அழுக்குத் தண்ணீரில் இருந்த கிருமியால் வந்தது என்பது பிறகு தெளிவானது. அதாவது நம்பிக்கை தவறு, ஆனால் வேலை சரி. நாற்றத்தை மறைப்பதை விட்டுவிட்டு நாற்றத்தின் மூலத்தை அகற்றியபோதுதான் லண்டனுக்கு விடிவு வந்தது. ஒரு நகரத்துக்குப் பொருந்திய இந்தப் பாடம் ஒரு சமையலறைத் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

கரி செய்த மாயம்

இரண்டாவது வழியின் நாயகன் அடுப்புக்கரி. 1785இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்த டோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர், மரக்கரி திரவங்களில் உள்ள நிறத்தை உறிஞ்சிவிடுவதைக் கவனித்தார். நிறத்தை மட்டுமல்ல, நாற்றத்தையும் அது எடுத்துவிடுகிறது என்று கண்டார். கப்பல்களில் பீப்பாயில் தேங்கிக் கெட்டுப்போகும் குடிநீரைக் கரியால் சுத்தம் செய்யலாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்டென்ஹவுஸ் இதைக் காற்றுக்குப் பயன்படுத்தினார். அவருடைய கவனத்தை ஈர்த்த ஒரு சோதனை கொஞ்சம் திகைக்க வைப்பது. கிளாஸ்கோவில் ஒரு வேதிப்பொருள் தயாரிப்பாளர், இறந்த நாய்களின் உடல்களைக் கரித்தூளால் மூடி ஒரு திறந்த பெட்டியில் வைத்திருந்தார். மாதக்கணக்கில் வைத்தும் அறையில் நாற்றம் இல்லை! ஸ்டென்ஹவுஸ் 1854இல் கரி அடைத்த சுவாச முகமூடியை உருவாக்கினார். லண்டன் மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸில் கரி வழியாகக் காற்றை வடிகட்டும் அமைப்பும் பொருத்தப்பட்டது.

கரி எப்படி இதைச் செய்கிறது? அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன. நாற்றத்தைத் தரும் மூலக்கூறுகள் அந்தத் துளைகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நீராவி முதலியவற்றால் பக்குவப்படுத்திய கரி ஒரு கிராமின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் அதிகமாக இருக்கும். ஒரு கிராமில் சுமார் பன்னிரண்டு சென்ட் நிலம்!

முதல் உலகப் போரில் விஷவாயு வந்தபோது இதே கரிதான் வீரர்களின் முகமூடிக்குள் போனது. 1918இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் சேகரித்துக் கரியாக்கினார்கள். சிரட்டைக்கரி மிகவும் உறுதியானது, நுண்துளைகள் அதிகம் உள்ளது. தமிழ்நாட்டில் காங்கேயம் பகுதியிலும் இலங்கையிலும் தேங்காய்ச் சிரட்டைக்கரி ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. துருவிய பிறகு தூக்கி எறியும் கொட்டாங்குச்சிக்கு ஏற்றுமதிச் சந்தையில் இவ்வளவு மதிப்பு.

புளியும் சாம்பலும்

மூன்றாவது வழிக்கு, அதாவது மாற்றுவதற்கு, ஆராய்ச்சிக்கூடம் தேவைப்படவில்லை. மீன் கழுவும் கைகளே அதைக் கண்டுபிடித்திருந்தன.

எட்டுத்தொகை நூல்களில் ஒன்றான நற்றிணையின் 45ஆம் பாடலில் ஒரு காட்சி வருகிறது. தேரில் வந்த செல்வந்தன் ஒருவன் பரதவர் மகளை விரும்புகிறான். தோழி அவனைத் தடுக்கிறாள். இவள் மீன் பிடிப்பவரின் மகள், நாங்கள் மீன் உணங்கலைக் காப்பவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிற பொருளில் பேசுகிறாள். எங்கள் வாழ்க்கை எங்களுக்குச் சிறந்தது என்ற பெருமிதமும் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாடை என்பது மூக்கின் விஷயம் மட்டுமல்ல, யார் உயர்ந்தவர் யார் தாழ்ந்தவர் என்ற பேச்சிலும் அதற்கு இடம் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

மீன் ஏன் நாறுகிறது? கடல்மீனின் உடலில் டிரைமெத்தைலமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்ததும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தைலமைனாக மாற்றுகின்றன. அதுதான் கவுச்சி. இது ஒரு காரப்பொருள். (மிளகாய்க் காரம் அல்ல, வேதியியலில் அமிலத்துக்கு எதிரான காரம்.) இதன் மேல் ஓர் அமிலம் பட்டால் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகிக் காற்றில் பறக்காது. பறக்காவிட்டால் மூக்குக்கு எட்டாது. கதை முடிந்தது!

அந்த அமிலம்தான் புளி. அதுதான் எலுமிச்சை. மீன் குழம்புக்குப் புளி ஊற்றுவதும், மீன் சாப்பிட்ட கையை எலுமிச்சைத் தோலால் தேய்ப்பதும், மீன்சட்டியைப் புளித்தண்ணீரில் ஊறவைப்பதும் இதனால்தான் பலிக்கின்றன. ஐரோப்பியர்கள் மீனுக்கு எலுமிச்சைத் துண்டு வைப்பதும், இங்கிலாந்தில் பொரித்த மீன் மேல் வினிகர் தெளிப்பதும் இதே கணக்கில்தான். ஒருவரை ஒருவர் பார்த்திராத பெண்கள் வெவ்வேறு கரைகளில் ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கல் உப்புப் போட்டு மீனை உரசிக் கழுவுவதற்கும் காரணம் உண்டு. தோலின் மேல் உள்ள வழவழப்பில்தான் பாக்டீரியாக்கள் அதிகம். அதை உரசி எடுத்தால் வாடையின் மூலமே குறைகிறது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு எதிர்வழி. அங்கே கெட்டுப்போன கொழுப்பிலிருந்து வரும் அமிலங்கள் இருக்கின்றன. அதற்குக் காரப்பொருள் வேண்டும். அதுதான் அடுப்புச் சாம்பல். கேஸ் அடுப்பு வருவதற்கு முன் தமிழ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தது சாம்பலும் தேங்காய் நாரும்தான். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் எண்ணெயைப் பிரித்து எடுத்துவிடும்.

இதே சாம்பலுக்கு அமெரிக்காவில் பெரிய சந்தையே இருந்தது. அமெரிக்க அரசு 1790இல் கொடுத்த முதல் காப்புரிமை சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு. எதற்குத் தெரியுமா? மரச்சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறைக்கு! அந்தச் சாம்பல் உப்பைச் சோப்புக்கும் கண்ணாடிக்கும், ரொட்டி மாவை உப்பவைக்கவும் பயன்படுத்தினார்கள். ரொட்டி விஷயத்தில் அதன் இடத்தைப் பிடித்த பொருள்தான் அடுத்து வரும் கதையின் நாயகன்.

ஒரு பெட்டி சோடா உப்பு

1846இல் நியூயார்க்கில் ஜான் டுவைட், ஆஸ்டின் சர்ச் என்ற இருவர் சேர்ந்து சோடியம் பைகார்பனேட் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் சோடா உப்பு, ஆப்ப சோடா என்று மளிகைக் கடையில் கேட்டு வாங்கும் அதே வெள்ளைத் தூள். பிறகு சுத்தியல் பிடித்த கை படம் போட்ட 'ஆர்ம் அண்ட் ஹாமர்' என்ற முத்திரையில் அது பிரபலமானது. அமெரிக்கப் பெண்கள் வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் சுட்ட காலம் வரை அந்தப் பெட்டி இல்லாத வீடு அபூர்வம்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. கடையில் ரொட்டி கிடைத்தது. தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற கேக் மாவு வந்தது. சோடா உப்புக்கு வீட்டில் வேலை குறைந்தது.

அதே காலத்தில் சமையலறையில் இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மின்சார ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் அமெரிக்க வீடுகளில் இருந்தது ஐஸ்பெட்டி. உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுத்த பனிக்கட்டியை அதில் வைப்பார்கள். பாஸ்டன் நகர வியாபாரி பிரெடரிக் டியூடர் இந்தப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி 1833இல் கல்கத்தாவுக்கே அனுப்பினார். சென்னையில் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டிடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அந்த ஐஸ்பெட்டியில் ஒரு வசதி இருந்தது. பனிக்கட்டி உருகும்போது அதன் ஈரப்பரப்பு காற்றில் உள்ள வாடையில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் குழாய் வழியாக வெளியே போகும்போது வாடையும் கூடவே போகும். 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 'மானிட்டர் டாப்' போன்ற மின்சார ஃபிரிட்ஜ்கள் வந்து பரவியபோது இந்த வசதி போய்விட்டது. மூடிய பெட்டிக்குள் வெங்காயமும் வெண்ணெயும் மீனும் ஒன்றாக இருந்தன. வெண்ணெயில் வெங்காய வாடை ஏறியது. வசதி வந்தபோதே புதுப் பிரச்சினையும் வந்தது.

1972இல் ஆர்ம் அண்ட் ஹாமர் விளம்பரம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. சோடா உப்புப் பெட்டியைத் திறந்து ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், வாடை போகும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். புதுப் பொருள் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. தொழிற்சாலையில் எந்த மாற்றமும் இல்லை. பழைய பெட்டிக்குப் புது வேலை, அவ்வளவுதான். விற்பனை மளமளவென்று ஏறியது.

அடுத்து வந்த யோசனை இன்னும் கெட்டிக்காரத்தனம். ஃபிரிட்ஜில் வைத்த பெட்டியின் வேலை முடிந்ததா? தூக்கி எறிய வேண்டாம், தொட்டியின் குழாயில் கொட்டுங்கள், சாக்கடை வாடையும் போகும் என்றார்கள். கொட்டிவிட்டால் என்ன ஆகும்? புதுப் பெட்டி வாங்க வேண்டும்! ரொட்டி சுடுபவர் ஒரு தடவைக்கு ஒரு கரண்டிதான் செலவழிப்பார். வாடைக்கு வைப்பவர் முழுப் பெட்டியையும் செலவழிப்பார். வணிகவியல் வகுப்புகளில் ஒரு பழைய பொருளுக்குப் புதுப் பயன் கண்டுபிடிப்பதற்கு உதாரணமாக இன்றும் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விளம்பரம் சொன்னது உண்மையா?

பாதி உண்மை. புளித்த பால், கெட்ட வெண்ணெய் போன்றவற்றின் வாடைக்குக் காரணம் அமிலங்கள். சோடா உப்பு மெல்லிய காரம். அமில மூலக்கூறு அதன் மேல் பட்டால் மாறிவிடும். ஆனால் 'பட்டால்' என்பதுதான் முக்கியம். பெட்டியின் வாயை மட்டும் திறந்து வைத்தால் காற்று படும் பரப்பு மிகக் குறைவு. கரியைப் போல உள்ளே பெரிய பரப்பும் அதற்குக் கிடையாது. அகலமான தட்டில் பரப்பி வைத்தால் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கும். மீன் கவுச்சியோ தானே காரம். அதற்குச் சோடா உப்பு பெரிய எதிரி அல்ல.

சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் குழாயில் ஊற்றும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. நுரை பொங்குவதைப் பார்த்தால் பெரிய வேலை நடப்பது போலத் தெரியும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், சோடியம் அசிடேட் என்ற உப்பு. நுரையின் வேகத்தில் கொஞ்சம் அழுக்கு அசையலாம். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் பலம்.

எனவே எந்த வாடைக்கு எது என்று தெரிந்துகொண்டால் செலவே இல்லை.

மீன், இறால் கவுச்சிக்குப் புளி, எலுமிச்சை, வினிகர்.

புளித்த பால் வாடைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் சோடா உப்பு.

மூடிய அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கரித்துண்டு.

தொட்டிக் குழாய்க்கு முதலில் அடைத்திருக்கும் சக்கையை எடுப்பது, அப்புறம் சுடுதண்ணீர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழுகிய பொருளை அன்றன்றைக்கே வெளியேற்றுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது. இதை எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் விளம்பரங்களில் இது அதிகம் வருவதில்லை போலும்!

எது நாற்றம்?

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. விரட்ட வேண்டிய வாடை எது என்று யார் முடிவு செய்வது?

2011 ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூர் செய்தித்தாள் ஒன்றில் ஒரு செய்தி வந்தது. அடுக்குமாடி வீட்டில் வசித்த ஓர் இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாடை பொறுக்கவில்லை என்று, சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டார் புகார் செய்திருந்தார்கள். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு சமைத்தும் பிரச்சினை தீரவில்லை. சமரச மையத்தில் பேசி, பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் அந்தக் குடும்பம் குழம்பு சமைப்பது என்று முடிவானது. அந்தச் சமரசம் நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. ஆனால் செய்தி வெளியானதும் நாடே கொதித்தது.

கோபம் வேறு வடிவம் எடுத்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் குழம்பு வைத்து அக்கம்பக்கத்தாருடன் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தார்கள். தமிழர்கள் மட்டுமல்ல, சீனர்களும் மலாய்க்காரர்களும் அன்று குழம்பு வைத்தார்கள். குழம்பு சிங்கப்பூரின் பொதுச் சொத்து என்று அவர்கள் சொல்லாமல் சொன்னார்கள்.

புகார் செய்தவர்களைக் குற்றவாளியாக்கவும் தேவையில்லை. பழகாத மூக்குக்குப் பழகாத மணம் பாரமாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டிலேயே கருவாடு வறுக்கும் வாசத்தில் ஒருவருக்குப் பசி எடுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அந்த வாடையைச் சொல்லியே வீடு வாடகைக்குக் கொடுக்க மறுப்பவர்களும் உண்டு. நற்றிணைத் தோழி அன்று சொன்ன பதில் இன்றும் பழசாகவில்லை.

அழுகலின் வாடை வேறு, சமையலின் வாடை வேறு. முதலாவது நோயின் அறிகுறி. அதைச் சாம்பிராணி போட்டு மறைக்கக் கூடாது, மூலத்தோடு அகற்ற வேண்டும். அதற்குப் புளியும் கரியும் சோடா உப்பும் கொஞ்சம் சுடுதண்ணீரும் போதும். இரண்டாவது ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது, யாரோ யாருக்காகவோ சமைக்கிறார்கள் என்பதன் அடையாளம். அதற்கு மருந்து தேவையில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் செய்தது போல ஒரு கிண்ணம் குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலே போதும்.